நல்ல கதிரும் நல்ல கண்டுமுதலும்

(தாராசுரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கத்தின் வாசகம்)

  

அரசலாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்து வருபவர்கள் நீங்கள். சேற்றில் இறங்கி நாற்று நடவும், பயிரின் முகம் பார்த்து அதன் பசி தாகம் அறியவும் உங்களுக்குப் பிறர் கற்றுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆயினும், விதை தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நம்மவரிடையே நெடுநாளாக ஊன்றியிருக்கும் ஓர் எண்ணத்தைப் பற்றி இன்று விசாரிப்பது பிரயோஜனமாயிருக்கும் என்று கருதுகிறேன். அவ்வெண்ணம் யாதெனில், நீண்டு பருத்த கதிரையுடைய பயிரே நிறைந்த மகசூல் தரும் என்பது.

விதை வாங்கும் பருவத்தில் கையிலே ஒரு முழக் கதிரை ஏந்திக்கொண்டு, "இதைப் பாருங்கள், பிறகு பேசுங்கள்" என்று சொல்லி விற்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கதிரைப் பார்த்தவுடன் மனம் இளகுவது இயல்பே. ஆனால் அங்கத்தினர்கள் பலருக்காகச் சங்கம் ஒன்றாக விதை தருவிக்கும்போது, ஒருவருடைய கண் தவறினால் நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை. பயிரை நம்பிக் கடன் கொடுத்த சங்கத்துக்குத் தவணை தவறுகின்றது. தவணை தவறினால் அடுத்த போகத்துக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டமாகின்றது. ஆகவே, மகசூலோடு மெய்யாகவே தொடர்புடைய குணங்கள் எவை, தொடர்புடையனபோல் தோன்றி ஏமாற்றும் குணங்கள் எவை என்பதை அறிந்துகொள்வது அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

மகசூலின் நான்கு கூறுகள்

களத்தில் அளக்கும் நெல் நான்கு கூறுகளால் ஆகியது. முதலாவது, ஒரு குறித்த நிலப்பரப்பில் உள்ள கதிர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, ஒரு கதிரில் உள்ள பூக்களின் எண்ணிக்கை. மூன்றாவது, அப்பூக்களில் பதராகாமல் மணி பிடித்தவை நூற்றுக்கு எத்தனை என்பது. நான்காவது, 1,000 மணிகளின் எடை. இந்நான்கையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதே மகசூல். ஐந்தாவது ஒன்று இல்லை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒரு சதுர மீட்டரில் 300 கதிர்கள் இருப்பதாகக் கொள்வோம். கதிருக்கு 100 பூ வீதம் 30,000 பூக்கள் ஆகின்றன. நூற்றுக்கு 85 வீதம் மணி பிடித்தால் 25,500 மணிகள். 1,000 மணியின் எடை 22 கிராம் எனில், அந்தச் சதுர மீட்டரில் சுமார் 560 கிராம் நெல் கிடைக்கும். நமது குழி 144 சதுர அடி. அஃதாவது 13 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆதலின் குழிக்கு ஏறக்குறைய 7½ கிலோவும், 100 குழி கொண்ட ஒரு மாவுக்கு 750 கிலோவும் ஆகின்றன. 60 கிலோ மூட்டையாக அளந்தால் மாவுக்கு 12½ மூட்டை.

இப்பொழுது மற்றவை அப்படியே இருக்க, மணி பிடித்தவை மாத்திரம் நூற்றுக்கு 85-லிருந்து 70 ஆகக் குறைந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுமுதல் மாவுக்குச் சுமார் 10¼ மூட்டையாக இறங்கிவிடும். கதிரின் நீளத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை; வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பயிர் முன்போலவே தோன்றும். ஆனால் மாவுக்கு இரண்டு மூட்டைக்கு மேல் பதராய்ப் போய்விட்டது.

இந்நான்கு கூறுகளும் ஒரே காலத்தில் நிச்சயமாவன அல்ல. கதிர்களின் எண்ணிக்கை, நடவு முதல் சிம்பு வெடித்து முடியும் வரையிலுள்ள நாட்களில் நிச்சயமாகின்றது. பூக்களின் எண்ணிக்கை, பயிர் பூப்பதற்குச் சுமார் 30 நாட்களுக்கு முன்னே தண்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இளங்கதிர் உருவாவது தொடங்கிப் பொதி கட்டும் வரையில் நிச்சயமாகின்றது. மணி பிடிப்பது பூக்கும் தறுவாயிலும், அதன் பின்னுள்ள ஏறக்குறைய 30 நாட்களிலும் நடைபெறுகின்றது. மணியின் எடையோ பெரும்பாலும் உமியின் அளவுக்கு உட்பட்டது. உமி பூப்பதற்கு முன்னமே தன் அளவை எட்டிவிடுகிறபடியால், அதற்கு மேல் மணி பருக்க இடமில்லை. ஆகையால் இரகத்துக்கு இரகம் மணி எடை மாறுமேயன்றி, ஒரே இரகத்தில் அது அதிகமாக மாறுவதில்லை.

ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறையும்

நான்கு கூறுகளையும் ஒருங்கே பெருக்கினால் மகசூல் அளவின்றிப் பெருகுமன்றோ என்று நீங்கள் கேட்கலாம். பயிர் நம் விருப்பத்துக்கு இசைவதில்லை. அது சூரிய வெளிச்சத்தையும் மண்ணின் சத்தையும் கொண்டு தயாரிக்கும் உணவு ஓர் அளவுக்குட்பட்டது. ஒரு குடும்பத்தில் வருமானம் ஒன்றாயிருக்க, பிள்ளைகள் பெருகினால் ஒவ்வொருவர் பங்கும் சிறுப்பது போல, கதிர்கள் பெருகினால் கதிருக்குரிய பூக்கள் குறைகின்றன; பூக்கள் பெருகினால் பதர் மிகுகின்றது. ஒரு சதுர மீட்டரில் 250 கதிரும் கதிருக்கு 120 பூவுமாயினும் 30,000. 300 கதிரும் 100 பூவுமாயினும் 30,000. 400 கதிரும் 75 பூவுமாயினும் அதே 30,000. நீண்ட கதிரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவர், அந்த இரகம் சதுர மீட்டருக்கு எத்தனை கதிர் தரும் என்பதைச் சொல்வதில்லை.

இவ்வுண்மையைப் பெரிய விஞ்ஞானிகளே அதிகச் செலவில் உணர்ந்த வரலாறு ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், 1989-ஆம் வருஷத்தில் ஒரு புதிய வகைப் பயிரை உருவாக்கத் தொடங்கினார்கள். வீணான சிம்புகள் இன்றிக் குத்துக்கு 8 அல்லது 10 கதிர் மட்டும் இருக்க வேண்டும்; ஒவ்வொரு கதிரிலும் 200 முதல் 250 மணி இருக்க வேண்டும்; தண்டு பருத்து உறுதியாய் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். எண்ணியபடியே பெருங்கதிர்ப் பயிர் உண்டாயிற்று. ஆனால் முதலில் உண்டான அவ்வகைகள் வழக்கமான நல்ல இரகங்களை வெல்லவில்லை. பயிரின் மொத்த வளர்ச்சி போதாமையால் பெருங்கதிரில் மணி நிரம்பவில்லை. பூச்சிகளையும் அவை தாங்கவில்லை. பின்னர் சிம்பு வெடிக்கும் தன்மையுள்ள நமது வெப்ப தேசத்து நெல்லோடு அவற்றை மறுபடியும் கலந்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. கதிரை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை, அதை நிரப்பும் இலையும் வேரும் உடன் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

மக்காச்சோளம் கற்பித்த பாடம்

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளம் மிகுதியாகப் பயிராவதை நீங்கள் அறிவீர்கள். நெல்லைக் காட்டிலும் மக்காச்சோளத்தில் கதிரின் அழகு கண்ணைக் கவர்வது அதிகம். ஐக்கிய அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் மக்காச்சோளக் கதிர்க் கண்காட்சிகள் ஊர்தோறும் நடந்தன. கதிர் உருண்டு திரண்டிருக்க வேண்டும், வரிசைகள் நேராயிருக்க வேண்டும், நுனி வரையில் மணி நிறைந்திருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்துப் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெற்ற கதிரையே விதைக்கு வைக்க வேண்டுமென்று உபதேசமும் செய்தார்கள். அயோவாவில் பெர்ரி ஹோல்டன் என்னும் பேராசிரியர் இவ்விஷயத்தில் மிகுந்த பிரசித்தி பெற்றவர்.

1904-ஆம் வருஷத்தில் ஹென்றி வாலஸ் என்னும் சிறுவர், அப்பேராசிரியர் தரம் பிரித்த கதிர்களை வாங்கி, ஒவ்வொரு கதிரின் மணியையும் தனித்தனி வரிசையில் விதைத்து, விளைந்ததை எடை போட்டுப் பார்த்தார். அழகின் வரிசை வேறு, விளைவின் வரிசை வேறு என்று தெரிந்தது. மிக அழகிய கதிர்களிற் சில மிகக் குறைவாக விளைந்தன. அச்சிறுவரே பிற்காலத்தில் மக்காச்சோள ஒட்டு விதையைப் பரப்பியவராகவும், 1933 முதல் 1940 வரையில் அமெரிக்காவின் விவசாய மந்திரியாகவும், பிறகு அந்நாட்டின் உபஜனாதிபதியாகவும் விளங்கினார். கதிர்க் கண்காட்சிகளின் இடத்தை, நாளடைவில், எடை போட்டுத் தீர்ப்புச் சொல்லும் மகசூல் பரீட்சைகள் பெற்றன.

இன்னொரு விஷயமும் இங்கே கவனிக்கத்தக்கது. 1930 முதலாகப் பல பத்தாண்டுகளில் வெளிவந்த மக்காச்சோள ஒட்டுகளை ஒரே வயலில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து டொனால்ட் டூவிக் என்னும் விஞ்ஞானி ஒப்பிட்டார். செடிக்குச் செடி தாராளமாக இடைவெளி விட்டால் பழைய ஒட்டுக்கும் புதிய ஒட்டுக்கும் ஒரு செடியின் விளைவில் பெரிய வித்தியாசமில்லை. நெருக்கமாக விதைத்தபோதுதான் புதியவை மேம்பட்டன. நெருக்கத்திலும் கதிர் போடாமல் மலடாகி நிற்காத தன்மை, சாயாத தண்டு, நிமிர்ந்த இலை, சிறிய ஆண்பூங்கொத்து ஆகிய குணங்களே மகசூலை உயர்த்தியவை. ஆகவே தனிச்செடியின் பெருமை வேறு, வயலின் பெருமை வேறு. நாம் அறுப்பது வயலையேயன்றித் தனிச்செடியை அல்ல.

மக்காச்சோளத்தில் மேலே ஆண்பூ மகரந்தம் உதிர்ப்பதற்கும், கீழே கதிரிலிருந்து பட்டுப்போன்ற இழைகள் வெளிவருவதற்கும் இடையே சில நாட்கள் செல்லும். வறட்சியில் இந்த இடைவெளி நீளும்; நீண்டால் மகரந்தம் கிடைக்காமல் கதிர் பொக்கையாகும். மெக்ஸிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை நிலையத்தார் இந்த இடைவெளி குறைந்த செடிகளைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து, வறட்சியிலும் விளையும் வகைகளைக் கண்டார்கள். நாட்களை எண்ணும் இந்த எளிய கணக்கு, கதிரின் அழகைவிட மெய்யான சாட்சியாயிற்று.

விதையின் குணமும் வயலின் குணமும்

பயிரிற் காணும் குணங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில குணங்கள் பெரும்பாலும் விதையோடு பிறந்தவை. பயிரின் வயது, உயரம், மணியின் பருமன் முதலியன இவ்வகை. வேறு சில பெரும்பாலும் நிலமும் நீரும் எருவும் பருவமும் தருபவை. சிம்புகளின் எண்ணிக்கை, மணி பிடிக்கும் வீதம் முதலியன இவ்வகை. முன்னவற்றை விதையில் தேட வேண்டும்; பின்னவற்றைச் சாகுபடியில் தேட வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிக் கொள்வதனாலேயே அநேக ஏமாற்றங்கள் விளைகின்றன.

வரப்போரத்துப் பயிரைப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்திருப்பதால் அதற்கு வெளிச்சமும் சத்தும் அதிகம்; கதிரும் பெரிது. அந்தக் கதிரைத் தேர்ந்து விதைக்கு வைத்தால், வைத்தது வரப்பின் குணத்தையேயன்றி விதையின் குணத்தை அல்ல. சிறிய துண்டு நிலத்தை அறுத்து மகசூல் மதிப்பிட்டால் கணக்கு மிகையாக வரும் என்பதை 1940-களில் பி. வி. சுகாத்மே என்னும் நமது தேசத்துக் கணித நிபுணர் எடுத்துக்காட்டினார். ஓரத்துச் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஆசை அளப்பவர் கைக்கு இயல்பாக உண்டு. துண்டு சிறிதாயின் அந்த ஓரம் பெரும்பங்காகிவிடும். நெற்பயிருக்குரிய பயிர் அறுவடைச் சோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு வைப்பதும், அதன் இடத்தைக் கண்ணால் தேராமல் எண்களால் குறிப்பதும் இந்தக் காரணம் பற்றியே.

இனி, தூய்மையான ஓர் இரகத்துக்குள்ளே பெரிய கதிர்களை மட்டும் பொறுக்கி விதைத்தால் இரகம் உயருமா? டென்மார்க் தேசத்து யோஹான்சன் என்பவர் 1903-ஆம் வருஷத்தில் இதற்கு விடை கூறினார். ஒரே செடியின் வழிவந்த அவரை விதைகளில் பெரியதையும் சிறியதையும் தனித்தனியே விதைத்தார். இரண்டின் சந்ததியும் ஒரே சராசரி அளவுள்ள விதைகளைத் தந்தன. நெல்லும் அவரையைப்போல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருவுறும் பயிர். ஆதலால் ஒரு தூய இரகத்தில் பெருங்கதிர் பொறுக்குவதால் இரகம் மாறாது. அதே காரணத்தால், கலப்பில்லாத நெல் விதையை நாமே எடுத்து வைத்தாலும் அதன் குணம் கெடாது. மக்காச்சோள வீரிய ஒட்டு விதைக்கு இவ்வசதி இல்லை. அதன் மணியை மறுபடி விதைத்தால் அடுத்த போகத்திலேயே வீரியம் குறையும். நெல் விளைப்பவருக்குள்ள இந்த நல்வாய்ப்பைச் சங்கங்கள் முழுவதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நமது நாட்டு அநுபவம்

கும்பகோணத்துக்குக் கிழக்கே மயிலாடுதுறை மார்க்கத்தில் ஆடுதுறையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1921-ல், கோயமுத்தூர் நெல் நிலையத்திலிருந்து ஜி.இ.பி. 24 என்னும் இரகம் வெளிவந்தது. நம்மவர் அதைக் கிச்சிலிச் சம்பா என்று அழைப்பார்கள். அரிசியின் நயத்துக்குப் பெயர் பெற்ற அந்த நெல், பிற்கால இரகங்கள் பலவற்றுக்குப் பாட்டனாராயிற்று. ஆடுதுறையிலிருந்து 1965-ல் வெளிவந்த ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லாகிய நோரின் 10-க்கும் இந்த ஜி.இ.பி. 24-க்கும் பிறந்தது. தஞ்சை ஜில்லாவின் குறுவையில் அது விரைவாகப் பரவியது.

அதன் கதிர் நீளமானதாலா பரவியது? இல்லை. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்ததும், உரத்தை ஏற்று விளைந்ததுமே காரணம். குறுவை விவசாயிக்குப் பயிரின் வயது உயிர்போன்றது. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அந்நீரில் நாற்று விட்டு நட்ட பயிரை ஐப்பசி மழை வலுக்கும் முன்னே அறுத்துக் களம் சேர்க்க வேண்டும். அதன்பின் தாளடி நடவும் ஆக வேண்டும். மாவுக்கு ஒரு மூட்டை அதிகம் விளைந்தாலும் 15 நாள் பிந்தி அறுவடைக்கு வரும் இரகம், மழையில் சிக்கினால் அந்த ஒரு மூட்டையோடு மற்றவற்றையும் இழக்கச் செய்யும். தாளடியையும் பிந்தச் செய்யும்.

உயரமும் அவ்வாறே ஆராயத்தக்கது. நமது பழைய சம்பா நெற்கள் ஆளுயரம் வளர்ந்தவை. மாட்டுக்கு வைக்கோலும், கூரைக்குத் தாளும் அவற்றால் கிடைத்தன. ஆனால் எரு அதிகமானால் அவை மேலும் வளர்ந்து, பால் பிடிக்கும் முன்னே காற்றில் சாய்ந்தன. 1962-ல் பிலிப்பைன்ஸ் நிலையத்தில், உயர்ந்து வளரும் பேட்டா என்னும் நெல்லையும், தைவான் தேசத்துக் குட்டை நெல்லாகிய டீ-ஜியோ-வூ-ஜென் என்பதையும் கலந்தார்கள். அதன் சந்ததியே 1966-ல் வெளியான ஐ.ஆர். 8. உயர்ந்த நெற்களில் தரைக்கு மேலுள்ள மொத்தப் பயிர் எடையில் மணியின் பங்கு பத்தில் மூன்று அளவில் இருந்தது. குட்டை நெல்லில் அது பத்தில் ஐந்தை எட்டியது. சூரியன் தந்த உணவில் அதிகப் பங்கு வைக்கோலுக்குப் போகாமல் மணிக்கு வந்ததே இதன் இரகசியம். நிமிர்ந்த இலைகள் கீழிலைகளுக்கும் வெளிச்சம் விட்டன. குட்டைத் தண்டு சாயாமல் நின்றது.

மகசூலைக் கூட்டும் குணங்கள் மட்டுமன்றி, மகசூலைக் காக்கும் குணங்களும் உண்டு. அவற்றிற் சில கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஜி.இ.பி. 24-இன் வழிவந்த டி.கே.எம். 6 என்னும் நெல் தண்டு துளைப்பானைத் தாங்கும் தன்மையுடையது. 1969-ல் வந்த ஐ.ஆர். 20 அத்தன்மையை அதனிடமிருந்தே பெற்றது. சி.ஆர். 1009 நமது பகுதியில் சம்பாவுக்கு வெகுவாகப் பயிராகும் நெல். அதில், ஒரிஸ்ஸாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து கிடைத்த வெள்ளம் தாங்கும் பரம்பரைக் கூறைச் சேர்த்து சி.ஆர். 1009 சப்1 என்னும் இரகத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். இது முழுகிய நிலையில் இரண்டு வாரம் வரையிலும் உயிரைக் காத்துக்கொள்ள வல்லது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் வந்தபோதுதான் தெரியும். 2021 ஜனவரியில் அறுவடைக் காலத்தில் பெய்த மழையால் டெல்டாவில் சாய்ந்த சம்பா நெல் வயலிலேயே முளை கண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். முற்றிய மணி உடனே முளைக்காமல் சில வாரம் உறங்கும் குணமும் விதையோடு பிறப்பதே. ஒரு கதிரைக் கையில் வைத்துப் பார்த்து இக்குணங்களில் ஒன்றையேனும் அறிய முடியுமா?

இந்தக் குணங்களுள் எது மகசூலுக்கு நேரான காரணம், எது வேறொன்றின் வழியாக மட்டும் துணை செய்வது என்று பிரித்தறிய ஒரு கணித முறையை, அமெரிக்க விஞ்ஞானி சூவல் ரைட் 1921-ல் விளக்கினார். நெல்லையும் மக்காச்சோளத்தையும் ஆராய்பவர்கள் இன்றும் அதைக் கையாள்கிறார்கள். அதன் கருத்து எளிது. நீர் வாய்க்காலில் நேராகவும் வரும், அடுத்த வயல் வழியாகக் கசிந்தும் வரும். இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் எந்த மடையைத் திறப்பது என்று தெரியும். நீண்ட வயதுள்ள பயிர் அதிகம் விளைகிறதென்றால், வயதே காரணமா, அல்லது அதனால் மிகுந்த கதிரும் நிறைந்த மணியும் காரணமா என்று கேட்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

நிற்க, இவ்வளவும் கேட்டபின், "நாங்கள் செய்ய வேண்டுவது யாது?" என்று கேட்பீர்கள். நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, புதிய இரகம் எதையும் அங்கத்தினர் அனைவருக்குமாக ஒரே தடவையில் தருவிக்க வேண்டாம். சங்கம் ஒரு சோதனை வயல் வைக்கட்டும். நீங்கள் இப்பொழுது பயிரிடும் இரகத்தையும், புதிய இரகங்கள் இரண்டையும் சிறு பட்டைகளாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பட்டைகள் வையுங்கள். எந்தப் பட்டை எந்த இரகத்துக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். சோழர் காலத்தில் குடவோலை போட்டு நியாயம் கண்ட நாட்டில் இது புதிதன்று. மேட்டுப் பகுதி ஒன்றுக்கும் பள்ளம் மற்றொன்றுக்கும் போய்ச் சேராதபடி இது காக்கும். எருவும் நீரும் நடவு நாளும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு போகத்தோடு நில்லாமல் குறைந்தது இரண்டு வருஷம் பாருங்கள்.

இரண்டாவது, எண்ணிப் பாருங்கள். மூங்கிற்பிளாச்சினால் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்து, அறுவடைக்கு ஒரு வாரம் முன்னே, வரப்பிலிருந்து நன்றாக உள்தள்ளி, ஒவ்வொரு பட்டையிலும் மூன்று இடங்களில் வையுங்கள். கதிர்களை எண்ணுங்கள், சராசரியான பத்துக் கதிர்களை எடுத்து மணியையும் பதரையும் தனித்தனியே எண்ணுங்கள், உலர்த்திய 1,000 மணியை நிறுத்துங்கள். பூத்த நாள், சாய்ந்த அளவு, நோய், பூச்சி, வைக்கோல் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவ்வேலையைச் சந்தோஷமாகச் செய்வார்கள். கதிர் போதாமல் மகசூல் குறைந்தால் நடவின் நெருக்கத்தையும் முதல் மேலுரத்தையும் கவனிக்க வேண்டும். குறுகிய காலப் பயிருக்கு வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டரும் குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டரும் சிபாரிசு செய்யப்படுகின்றன. பதர் மிகுந்து குறைந்தால் பூக்கும் காலத்து நீர், குலைநோய், தண்டு துளைப்பான் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேற்பட்டாலும் பதர் மிகும். அதற்குப் பருவத்தை மாற்றுவதே பரிகாரம்.

மூன்றாவது, சங்கத்துக்கென்று ஒரு விதை வயல் ஏற்படுத்துங்கள். ஆதார விதையை வாங்கி நட்டு, வேறு நெல் வயலிலிருந்து 3 மீட்டர் இடைவெளி விட்டு, பூக்கும் காலத்திலும் முற்றும் காலத்திலும் உள்ளே இறங்கிக் கலவன்களை வேரோடு நீக்குங்கள். சான்று விதைப் பயிரில் கலவன் 1,000-க்கு 2-க்கு மேற்படலாகாது என்பது விதி. பெருங்கதிர் பொறுக்குவதில் செலவிடும் பொழுதைக் கலவன் நீக்குவதில் செலவிட்டால் பலன் நிச்சயம். நெல்லை ஈரம் 13 சதவீதத்துக்குள் வரும்படி உலர்த்திச் சேமியுங்கள். விதைக்கும் முன்னே, முட்டை மிதக்கும் உப்புநீரில் இட்டு, மிதக்கும் கருக்காயை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை கழுவிக்கொள்ளுங்கள். இது இரகத்தை உயர்த்தாது. ஆனால் நாற்றைத் திடமாக்கும்.

நான்காவது, பழைய நெற்களை அடியோடு கைவிடாதீர்கள். கிச்சிலிச் சம்பா இல்லையேல் ஆடுதுறை 27 இல்லை. ஒரிஸ்ஸாவின் பழைய நெல் இல்லையேல் வெள்ளம் தாங்கும் சம்பா இல்லை. இன்று மகசூல் குறைவென்று தள்ளும் நெல்லில் நாளை வேண்டிய குணம் ஒன்று இருக்கக்கூடும். விதை வயலின் ஒரு மூலையில் ஆளுக்கு ஒரு குழி ஒதுக்கினாலும் பல இரகங்கள் பிழைக்கும்.

சகோதரர்களே! தனி ஒருவர் இரண்டு வருஷம் சோதனை நடத்துவதும், பட்டை பட்டையாக எண்ணிக் கணக்கெழுதுவதும் கஷ்டம். அநேகர் ஒன்றுசேர்ந்து சிறிது நிலமும் சிறிது உழைப்பும் கொடுத்தால் அது எளிது. கடன் கொடுக்கவும் உரம் விற்கவும் மட்டும் ஏற்பட்டதன்று கூட்டுறவு; அறிவையும் பொதுவில் சேர்த்துவைக்க ஏற்பட்டது. அடுத்த குறுவைக்கு முன்னே இந்தச் சங்கத்தின் அலமாரியில் கடன் பேரேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயற்பேரேடும் இருக்குமாயின், கையில் கதிரோடு வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அதிலேயே எழுதியிருக்கும்: சதுர மீட்டருக்குக் கதிர் எத்தனை? நூற்றுக்குப் பதர் எத்தனை? வயது எத்தனை நாள்? காற்றில் நிற்குமா? எத்தனை இடத்தில், எத்தனை வருஷம் எடை போட்டுப் பார்த்தீர்கள்? இவற்றுக்குத் தக்க பதில் சொல்பவரிடம் விதை வாங்குங்கள்.